தூரத்துப் பச்சையும் பக்கத்து லயமும்

டித்வா சூறாவளி ஓய்ந்த பிறகு பதுளையில் ஒரு சிறு கவியரங்கு நடந்தது. ‘பசுமை காப்போம்’ என்பது தலைப்பு. ஒன்பது பேர் வாசித்தோம். அவற்றுள் ஏழு கவிதைகள் ஏறத்தாழ ஒரே செய்தியைச் சொல்லின. மனிதன் பேராசை கொண்டு மலையில் வீடு கட்டினான். மலை பொறுத்துப் பார்த்துப் பழி தீர்த்துக்கொண்டது. இனியாவது மலையை மலையாக விட்டுவைப்போம். எனது கவிதையும் அந்த ஏழில் ஒன்று. கைதட்டலும் கிடைத்தது.

தேநீர் வேளையில் பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கும் நண்பர் அருகில் வந்தார். பல ஆண்டுப் பழக்கம். “நானா, கவிதை நல்லாத்தான் இருக்கு. மலை இருக்கு, மழை இருக்கு, வீடும் இருக்கு. அந்த வீட்ட அந்த எடத்துல கட்டி வச்சது யாருன்னுதான் காணோம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அதற்கான பதில் என்று வைத்துக்கொள்ளலாம். என் கவிதை உட்பட, ஊவாவின் பசுமையைப் பற்றி நாம் எழுதிவரும் முறையின் மீதான விமர்சனமாகவும் இதைக் கொள்ளலாம்.

முதலில் விவாதத்தைச் சொல்லிவிடுகிறேன். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா நாடு முழுவதிலும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. மண்சரிவினால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. அதன் பின்னர் ஒரு குரல் ஓங்கி ஒலிக்கிறது: மலைச்சரிவுகளையும் நீரேந்து பிரதேசங்களையும், நகரைச் சுற்றியுள்ள வயல்களையும் தேயிலைக் காணிகளையும் குடியிருப்புகளிடமிருந்து காப்பாற்ற வேண்டும். மற்றொரு குரல், லயத்து மக்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் காணி கொடுங்கள் என்கிறது. முதலாவது குரல் இயற்கையின் குரலாகவும் இரண்டாவது குரல் அரசியலின் குரலாகவும் கேட்கப்படுகிறது. எனது முதல் ஆட்சேபம் இந்தப் பிரிவினை மீதுதான்.

திறந்த நிலத்தைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. உமா ஓயாவும் பதுளு ஓயாவும் லொக்கல் ஓயாவும் இந்த மலைகளிலிருந்து இறங்கி மகாவலியைச் சேருகின்றன. கிரிந்தி ஓயாவும் மாணிக்க கங்கையும் இங்கே பிறந்து தெற்கே வறண்ட நிலங்களுக்கு ஓடுகின்றன. மலை வரண்டால் அம்பாந்தோட்டையின் வயலும் வரளும். நெற்காணியை நிரப்புவதைக் கட்டுப்படுத்த 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் இருக்கிறது. இருந்தும் பதுளை நகரைச் சுற்றி வயல் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பது எனது வயதுக்காரர்களுக்குத் தெரியும். எனக்கு நன்றாகவே தெரியும். எண்பதுகளில் எனது தகப்பனார் வயல் ஒன்றை நிரப்பித்தான் நாங்கள் இன்றும் வாழும் வீட்டைக் கட்டினார். அன்று அதைப் பசுமை அழிப்பு என்று எவரும் கவிதை எழுதவில்லை. ‘நல்ல இடம், பாதைக்குக் கிட்ட’ என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

ஆகவே ‘வீடு பசுமையைத் தின்கிறது’ என்று எழுதும்போது நாம் எந்த வீட்டைச் சொல்கிறோம்? எனது கவிதையில் வந்த வீடு எனது வீடு அல்ல. அது ஒரு லயம். நண்பர் கண்டுபிடித்தது இதைத்தான்.

கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964இல் வெளிவந்தது. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்ற பழமொழியிலிருந்து வந்த தலைப்பு. தமிழகத்து வறுமையிலிருந்து பார்த்தபோது கடலுக்கு அப்பால் தெரிந்த பச்சை, கிட்டே வந்ததும் என்னவாயிற்று என்பதே அந்நாவலின் பேச்சு. அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்தப் பச்சை இன்னும் தூரத்துப் பச்சையாகவே இருக்கிறது; பார்ப்பவர்தான் மாறிவிட்டார். அன்று பார்த்தவர் புறப்படவிருந்த கூலி. இன்று பார்ப்பவர் நகரத்து மொட்டைமாடியில் நிற்கும் கவிஞர். நமுனுகுலவின் மேல் மூடுபனி படர்வதையும் தேயிலைமலை பச்சைக் கம்பளம் விரிப்பதையும் நான் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

அந்தக் கம்பளத்தை இயற்கை என்று அழைப்பதே முதற் பிழை. ஊவாவின் மலைகளில் காடும் பத்தனைப் புல்வெளியும் கிராமத்தவரின் சேனைகளும் இருந்தன. உரிமைப் பத்திரம் காட்ட முடியாத நிலத்தை முடிக்குரியதாக்கிய 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் பின்னர் அவை கோப்பித் தோட்டங்களாயின. கோப்பி நோயில் அழிந்த பிறகு தேயிலை வந்தது. ஐயாயிரம் அடிக்கு மேலேயுள்ள காடுகளையேனும் வெட்டாது விடுங்கள் என்று கியூ தாவரவியற் பூங்காவின் ஹூக்கர் 1873இல் கேட்டுக்கொள்ள வேண்டிய நிலை வந்தது என்றால், அதற்குள் எவ்வளவு வெட்டப்பட்டிருக்கும்! நாம் காப்பாற்றத் துடிக்கும் பசுமையின் பெரும்பகுதி கூரையில்லாத ஒரு தொழிற்சாலை. அதைத் திறந்த நிலம் என்று சொல்வது, அங்கே விடியற்காலையில் பெரட்டுக்கு நிற்பவரை ஆளாக எண்ணாதவருக்கு மட்டுமே சாத்தியம்.

இங்கே ஓர் ஒப்பீடு பயன்படும். நமது தேயிலையின் பெரும் வணிகம் நடந்த லண்டன் மாநகரம், தன்னைச் சுற்றியுள்ள வயல்களையும் புல்வெளிகளையும் வீடுகள் விழுங்கிவிடாதிருக்க 1938இல் பச்சை வளையச் சட்டமொன்றைக் கொண்டுவந்தது. நெரிசலில் வாழும் நகரத்தவருக்கு நடக்கவும் மூச்சுவிடவும் நிலம் வேண்டும் என்பது அதன் நியாயம். அந்த வளையத்தால் வீட்டு விலை ஏறுகிறதா, ஏழைகள் வெளியே தள்ளப்படுகிறார்களா என்ற வாதம் அங்கே இன்றும் ஓயவில்லை. என்றாலும் அந்தச் சட்டத்தின் மனதில் மனிதர் இருந்தார்கள்.

நமது நாட்டிலும் 1958இல் ஒரு சட்டம் வந்தது. தேயிலை, இறப்பர் தோட்டங்களைத் துண்டாடுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம். தோட்டம் சிதறினால் பொருளாதாரம் சிதறும் என்ற அச்சத்தில் பிறந்தது. அதில் தவறு காண்பதற்கில்லை. ஆனால் ஆறே ஆண்டுகளில், 1964இல், ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் அதே தோட்டங்களின் மக்களை எடுத்து, 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே என்று பிரித்தது. மண்ணைத் துண்டாடக் கூடாது என்று சட்டமியற்றிய தேசம் அந்த மண்ணில் உழைத்த குடும்பங்களைத் துண்டாடியது. ‘தூரத்துப் பச்சை’யும் இந்த ஒப்பந்தமும் ஒரே ஆண்டில் வந்தன என்பதை நமது இலக்கிய வரலாற்று வகுப்புகளில் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது எனது அபிப்பிராயம்.

பச்சைக்குள் இருந்து எழுதியவர்கள் என்ன எழுதினார்கள்? பதுளை மண் தந்த தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ கதையை வாசித்தவர் எவரும் மறக்க மாட்டார். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்குள் வளர்ந்த பிள்ளைகளோடு படுத்துறங்க வேண்டிய ஒரு குடும்பத்துக்கு நேரும் அவமானம் அது. இடம் இல்லாமை ஒழுக்கத்தையும் உறவையும் எப்படிக் கடித்துத் தின்னும் என்பதை அக்கதை உபதேசம் எதுவுமின்றிச் சொல்கிறது. சுற்றிலும் நூற்றுக்கணக்கான ஏக்கர் பரந்து கிடக்க, நடுவில் ஒரு குடும்பத்துக்குத் திரும்பிப் படுக்க இடமில்லை. திறந்தவெளியைக் காக்கும் விவாதத்தில் பேசவிருக்கும் ஒவ்வொருவரும் முதலில் இந்தக் கதையை வாசித்துவிட்டு வர வேண்டும் என்பேன்.

சி.வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ இன்னொரு முடிச்சைக் காட்டுகிறது. தோட்டத்தில் வீடு என்பது தொழிலோடு கட்டப்பட்டது. வேலை போனால் காம்பராவும் போய்விடும். தொழிற்சங்கம் என்று வாய் திறந்தவனைப் ‘பத்துச் சீட்டு’க் கொடுத்து அனுப்பினால் அவனுக்குப் போக்கிடமில்லை. மண்ணோடு அவனுக்குள்ள உறவைச் சொல்லும் காகிதம் ஒன்றுகூட இருக்காது. இந்நாவலும் தெளிவத்தையின் ‘நாமிருக்கும் நாடே’யும் பதுளையைச் சேர்ந்த மு. நித்தியானந்தனின் வைகறை வெளியீடுகளாக வந்தன என்பது ஊவாவாசிகளாகிய நமக்குப் பெருமை.

பாராட்டுவதோடு விமர்சகனின் வேலை முடிந்துவிடுவதில்லை. மலையக எழுத்தின் மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. வீட்டுக்கான ஏக்கம் அந்த எழுத்தில் நிறைந்திருக்கிறது. மண் என்பது பெரும்பாலும் உரமாகிப்போன முன்னோரின் உடலாக, இரத்தமாக, வியர்வையாக வருகிறது. அது உண்மையே. ஆனால் மலை மலையாக வருவது குறைவு. அதன் சரிவு, அதன் கான், அதன் ஊற்று எங்கே? தேயிலை மலைகளில் மழைநீரை வடித்து அனுப்பும் கான்களை வெட்டியவர்கள் இம்மக்களே. கான் தூர்ந்தால் நீர் மண்ணுக்குள் இறங்கும் என்பதும், வழக்கமில்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்பினால், பீலித்தண்ணீர் திடீரெனக் கலங்கினால், இஸ்தோப்புச் சுவரில் புது வெடிப்புக் கண்டால் அது கெட்ட அறிகுறி என்பதும் முதியவர்களுக்குத் தெரியும். இந்த அறிவு கதைகளுக்குள் போதியளவு வரவில்லை. வராததன் விளைவு, மலை சரியும்போது நமக்கு ஒப்பாரி மட்டுமே கைவசம் இருக்கிறது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் அதுவே நடந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. பலரின் உடல்கள் மீட்கப்படவேயில்லை. அதன் பின் எத்தனை இரங்கற் கவிதைகள்! நானும் எழுதினேன். ‘மண்ணுக்குள் மண்ணானோர்’ என்ற ரீதியில் அவை இருந்தன. ஆனால் அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்ததாக அக்காலத்திலேயே செய்திகள் வந்தன. அந்த எச்சரிக்கை எந்தக் கவிதையிலும் இல்லை. எச்சரிக்கை இருந்தது, போக இடம் இருக்கவில்லை என்பதே மீரியபெத்தையின் கதை. அரைக் கிலோமீற்றர் தள்ளிப் போவதற்குக்கூட அம்மக்களுக்குச் சொந்தக் காணி கிடையாது. தப்பியவர்களுக்கு மாகல்தெனியவில் 75 வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டபோது 2016 ஆகிவிட்டது. மரணத்துக்குப் பின்னர் கிடைத்த காணி, மரணத்துக்கு முன்னர் ஏன் கிடைக்கவில்லை? ஒரு நாவலுக்குப் போதுமான கேள்வி இது. நான் அறிந்தவரை அந்த நாவல் இன்னும் எழுதப்படவில்லை.

2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் 2,000க்கும் மேற்பட்ட தோட்டக் குடும்பங்களுக்கு வீட்டுரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. அடுத்த மாதமே மலைகள் சரிந்தன. இப்போது ‘தேயிலைக் காணியை வீட்டுக்குக் கொடுத்தால் பசுமை என்னாவது’ என்று கேட்பவர்களோடு சேர்ந்து ஒரு சிறு கணக்குப் போடுவோம். பல ஆண்டுகளாகப் பேசப்பட்டுவரும் அளவு, ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ். ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். நூறு குடும்பங்களுக்கு 700 பேர்ச்சஸ், அதாவது நாலரை ஏக்கருக்கும் குறைவு. பாதைக்கும் கானுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இன்னும் அவ்வளவு ஒதுக்கினாலும் ஒன்பது ஏக்கர். கவ்வாத்து மறந்து புல் மண்டிக் கிடக்கும் மலைகளைப் பார்த்தவர் எவரும் இந்த ஒன்பது ஏக்கரால் ஊவாவின் பசுமை அழிந்துவிடும் என்று சொல்லத் துணியார். இதே காலத்தில் எல்ல நகரைச் சுற்றி, சரிவுகளைக் குடைந்து விடுதிகள் எழுந்தன. அங்கிருந்து காலைநேரத்துப் பள்ளத்தாக்கைப் படம் பிடித்து வந்து பயணக் கட்டுரை எழுதினோம். காட்சிக்காகக் கட்டிய விடுதியை நாம் இயற்கையோடு இயைந்தது என்று எழுதினோம். மழைக்கு ஒதுங்கக் கேட்ட வீட்டை ஆக்கிரமிப்பு என்றோம். சொற்களை இப்படிப் பங்கிட்டவர்கள் அதிகாரிகள் மட்டுமல்லர், எழுத்தாளர்களாகிய நாமும்தான்.

தோட்டத்தவர் நிலத்தைப் பேணமாட்டார் என்ற ஏளனம் ஒன்றும் உலவுகிறது. வரலாறு அதற்கு எதிராக நிற்கிறது. 1977 மே 11ஆம் திகதி தலவாக்கலைப் பக்கத்து டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு உயிர் நீத்தது, தோட்டக் காணிகளைப் பிரித்துக் கொடுப்பதற்கு எதிரான போராட்டத்தில். ஞானசேகரனின் ‘குருதிமலை’ எழுபதுகளின் அந்தக் காணிப் போராட்டத்தின் சூட்டிலிருந்து பிறந்த நாவல். தாம் கொழுந்தெடுத்த மலை துண்டுதுண்டாகப் போவதை உயிரைக் கொடுத்துத் தடுக்க முனைந்தவர்கள் இம்மக்கள். அவர்களுக்கு அப்போதும் ஒரு துண்டுக் காணி சொந்தமாக இருக்கவில்லை.

இனி நம் பக்கம் வருகிறேன். ஊவாவின் முஸ்லிம் எழுத்தாளர்களாகிய நாம் தோட்டத்தை எங்கிருந்து பார்த்தோம்? பெரும்பாலும் கடை மேசைக்குப் பின்னாலிருந்து. சம்பள நாளில் கடன் கொப்பியோடு வந்து நின்றவர்களை நாம் அறிவோம். அவர்களின் பெயரும் பாக்கியும் நமக்கு மனப்பாடம். நமது கதைகளில் அவர்கள் கடைக்கு வருவார்கள், அழுவார்கள், நமது முதலாளிப் பாத்திரம் மனமிரங்கிக் கடனைத் தள்ளுபடி செய்வார். கதை முடிந்துவிடும். அவர் திரும்பிப் போகும் லயம் வரைக்கும் நமது கதை நடந்து சென்றதில்லை. நமது கவிதைகளோ இன்னும் தொலைவில் நின்றன. வெலிமடை, குருத்தலாவைப் பக்கம் சரிவுகளில் உருளைக்கிழங்கு போட்டு மண்ணைக் கரையவிட்டதில் நமது கைகளுக்கும் பங்குண்டு. நகரத்தில் வயலை நிரப்பியதில் எனது குடும்பத்துக்குப் பங்குண்டு. இந்தக் கணக்குகள் நமது பசுமைக் கவிதைகளில் வரவு வைக்கப்படவில்லை.

நமது மரபிலேயே இதற்கொரு அளவுகோல் இருக்கிறது என்பதுதான் வியப்பு. அரபு நாட்டில் ‘ஹிமா’ என்றொரு ஏற்பாடு இருந்தது. காக்கப்பட்ட மேய்ச்சல் நிலம். இஸ்லாத்துக்கு முன்னர் குலத் தலைவர்கள் தமது மந்தைக்கென நல்ல நிலத்தை வளைத்துக்கொள்வார்கள். தனியாருக்கான அந்த வளைப்பை இஸ்லாம் நீக்கி, பொதுநலனுக்கான காப்பு நிலத்தை மட்டும் அனுமதித்தது. கலீபா உமர் (ரழி) அவர்கள் ஒரு ஹிமாவுக்கு ஹுனை என்பவரைப் பொறுப்பாக நியமித்தபோது சொன்ன அறிவுரை ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உள்ளவனை உள்ளே விடு என்றார்கள். உஸ்மான் (ரழி), அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) போன்ற செல்வந்த ஸஹாபாக்களின் மந்தைகளை விலக்கி வை என்றார்கள். காரணத்தையும் சொன்னார்கள்: அவர்களின் கால்நடை அழிந்தால் அவர்களுக்குப் பேரீச்சந் தோட்டமும் பயிர்நிலமும் இருக்கிறது, ஏழையின் கால்நடை அழிந்தால் அவன் பிள்ளைகளோடு என்னிடம்தான் வந்து நிற்பான்.

ஹிமா நிலம் காக்கப்பட்ட நிலம்தான். ஆனால் யாருக்கு எதிராகக் காக்கப்படுகிறது, யாரை முதலில் உள்ளே அனுமதிக்கிறது என்பதை வைத்தே அது நீதியா அநீதியா என்று தீர்மானிக்கப்பட்டது. ஊவாவின் விவாதத்தில் நாம் இதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம். போக்கிடம் உள்ளவனின் விடுதியை உள்ளே விடுகிறோம். போக்கிடம் இல்லாதவனைச் சரிவின் ஓரத்தில் நிறுத்திவிட்டுப் பசுமையைக் காப்பதாகச் சொல்கிறோம்.

சரிவுகளில் எவரும் குடியிருக்கக் கூடாது என்றே நானும் சொல்வேன். ஆனால் அந்த வாக்கியத்துக்கு முன்னால் இன்னொரு வாக்கியம் வர வேண்டும்: சரிவில் குடிவைக்கப்பட்டவர்களுக்கு, அத்தோட்டத்தின் பாதுகாப்பான தரையில், அவர்கள் பெயரில் காணி. இது நடந்த பிறகு சரிவைக் காடாக்குங்கள். நான் முதல் ஆளாக மரம் நட வருகிறேன். இது நடக்காமல் எழுதப்படும் பசுமைக் கவிதை, எழுதியவர் அறிந்தோ அறியாமலோ, ஒரு வெளியேற்ற அறிவித்தலின் வேலையைத்தான் செய்யும்.

கவியரங்குக்குச் சில வாரங்களின் பின்னர் நண்பரைப் பார்க்கப் போயிருந்தேன். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். ‘எனது வீடு’ என்பது தலைப்பு. ஒரு கொப்பியை எடுத்து நீட்டினார். அந்தப் பிள்ளை முதல் வரியில் தோட்டத்தின் பெயரை எழுதியிருந்தது. இரண்டாவது வரியில் லயத்தின் இலக்கம். மூன்றாவது வரியில், சுவரில் ஒரு வெடிப்பு இருக்கிறது என்றும், மழை பெய்தால் அப்பா அதற்குள் விரலை விட்டுப் பார்ப்பார் என்றும், விரல் இப்போது முழுதாகப் போகிறது என்றும் எழுதியிருந்தது. மலையக எழுத்தில் குறைகிறது என்று நான் மேலே சொன்ன அறிவு, எழுத்துப் பிழையோடு, அந்த மூன்று வரிகளில் இருந்தது.

எனது கவியரங்குக் கவிதையை ஒரு சஞ்சிகை கேட்டிருந்தது. கொடுக்கவில்லை.